அறுபத்து நான்கும் காணாமல் போன சிஜியும்

வணக்கம் ஐயா. போன வாரம் பட்டர்வொர்த்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியவர், டிஎன்ஏவின் 64 குறியீடுகளும் ஆயகலைகள் 64-உம் ஒன்றுதான், நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கும் என் மகள் சிரித்துவிட்டாள். யார் சொல்வது சரி?
வாசகர், பினாங்கு

அன்புள்ள நண்பருக்கு,

மகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். டிஎன்ஏவில் எழுத்து நான்கு: ஏ, டி, ஜி, சி. மும்மூன்றாகப் படித்தால் 4×4×4, 64 தான் வரும். அதிலும் 61 குறியீடுகள் சேர்ந்து, புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களையே குறிக்கின்றன. மீதி 3 'நிறுத்து' என்பவை. கலைகளோடு பொருத்தம் அங்கேயே அறுந்துவிடுகிறது.

உண்மையான கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஏ எவ்வளவோ டியும் அவ்வளவு, ஜி எவ்வளவோ சியும் அவ்வளவு என்று 1950 வாக்கில் எர்வின் சார்காஃப் என்ற உயிர்வேதியியலாளர் அளந்து சொன்னார். மனிதருக்குச் சுமார் 30, 30, 20, 20 விழுக்காடு. ஏன் என்பது 1953-இல் இரட்டைச் சுருள் தெரிந்தபோது விளங்கியது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் அக்கா மல்லிகையைக் காம்போடு காம்பு சேர்த்து, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நாரில் முடிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்தை எண்ணினால் மறுபக்கம் தெரிந்துவிடும். அப்படித்தான் இதுவும்: சுருளின் ஓர் இழையில் ஏ இருந்தால் எதிரே டி, ஜி இருந்தால் எதிரே சி.

சரி, என்னைத் தூங்கவிடாத கணக்கைச் சொல்கிறேன். சி 20, ஜி 20 என்றால் சியை அடுத்து ஜி வருவது நூற்றுக்கு நான்கு இடங்களில் இருக்க வேண்டும். இருப்பதோ ஏறத்தாழ ஒன்று. மற்ற மூன்றும் எங்கே? ஜிக்கு முன்னால் நிற்கும் சியின் மேல் உடல் பெரும்பாலும் மெத்தில் என்ற சிறு வேதிக் கொத்து ஒன்றை ஒட்டிவைக்கிறது. சாதாரண சி சிதைந்தால் யுராசில் ஆகும். டிஎன்ஏவுக்கு அது அந்நிய எழுத்து, பழுது பார்க்கும் நொதிகள் பிடித்துவிடும். மெத்தில் ஒட்டிய சி சிதைந்தால் டி ஆகிறது. டி அங்கே வழக்கமாக இருக்கும் எழுத்துதானே, பல நேரம் தப்பிவிடுகிறது. இப்படியே கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிஜி தேய்ந்து டிஜி பெருகியது. மரபணுக்கள் தொடங்கும் இடங்கள் பலவற்றில் மெத்தில் ஒட்டுவதில்லை. அங்கே மட்டும் சிஜி தீவு தீவாகப் பிழைத்து நிற்கிறது. இவ்வளவு பழைய தேய்மானத்தை வெறும் எண்ணிக்கையில் படிக்க முடிகிறதே!

மனித டிஎன்ஏ வரிசை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு லட்சம் எழுத்தை இறக்கி, மகளோடு உட்கார்ந்து சிஜி எத்தனை, அப்புறம் ஜிசி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஜிசி எதிர்பார்த்த அளவில் கிட்டத்தட்ட முழுசாக இருக்கும்.