முன் மட்கார்டுல சேறு அடைச்சுக்குதா? கழட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கேள்வி: சார், மழை பேஞ்சா நான் போற மண் ரோடு பூராவும் களிமண் சகதிதான். போன வாரம் மெதுவாத்தான் போய்ட்டிருந்தேன், பிரேக்கே பிடிக்கல, திடீர்னு முன் வீல் சுத்தாம நின்னு வண்டி சரிஞ்சு என்னைக் கீழ போட்டுருச்சு. பார்த்தா மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல சேறு கெட்டியா அடைச்சிருக்கு. பிரெண்டு ஒருத்தன் முன் மட்கார்டையே கழட்டிட்டு ஓட்டுடாங்கிறான். கழட்டலாமா?

பதில்: தம்பி, மெதுவா போனதால தப்பிச்சீங்க, அதுவே பெரிய விஷயம். ரோட்டு பைக்குல முன் மட்கார்டை ஃபோர்க்கோட, அதாவது முன் வீலை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கிற ஷாக் குழாயோட கீழ் பாகத்துல போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க, வீல் ஏறி இறங்குறப்ப அதுவும் கூடவே ஏறி இறங்கும், அதனால டயரை ஒட்டியே வச்சிருப்பாங்க. மழைத் தண்ணிக்கு அந்த கேப் போதும். களிமண்ணுக்குப் போதாது. டயர் பட்டன்ல, அதாவது டயர் மேல துருத்திட்டு இருக்கிற ரப்பர் கட்டைல ஒட்டுற களி ஒவ்வொரு சுத்துலயும் மட்கார்டு விளிம்புல வழிச்சு வழிச்சு உள்ள ஏறும், கூடவே புல்லு வேரு சின்னக் கல்லு எல்லாம் சேர்ந்து இறுகிடும், அப்புறம் அதுவே ஒரு பிரேக் கட்டை மாதிரி டயரைப் பிடிச்சுக்கும். இதுல ரொம்ப ஆபத்தான விஷயம் என்னன்னா, நீங்க பிடிச்ச பிரேக்கா இருந்தா லிவரை விட்டா வீல் மறுபடி சுத்தும், இங்க விடறதுக்கு ஒண்ணுமே இல்ல. பிரேக் பிடிக்கிறப்ப வீல் லாக் ஆகாம தடுக்கிற ஏபிஎஸ் இருந்தாலும் காப்பாத்தாது, அது பிரேக் ஆயில் பிரஷரைத்தான் குறைக்கும், சேத்தை அதால ஒண்ணும் பண்ண முடியாது. பின் வீல் லாக் ஆனா ஓரளவு சமாளிச்சு நிறுத்திடலாம், முன் வீல் லாக் ஆனா ஹேண்டில்பார் என்ன திருப்பினாலும் வண்டி கேக்காது.

ஆனா இது சொல்லாம வர்ற வியாதி இல்ல. ஹேண்டில் கனமாகும், அதே ஸ்பீடுக்கு ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டியிருக்கும், கிளட்சைப் பிடிச்சா வண்டி உருளாம பொசுக்குனு நின்னுடும், முன்னாடி சரக் சரக்னு உரசுற சத்தம் வரும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் தாண்டிடலாம்னு முறுக்காதீங்க, நின்னுருங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஒரு தட்டையான குச்சியால பின்பக்க விளிம்புல இருந்து நோண்டி எடுங்க, வீலைக் கையால கொஞ்சம் பின்னாடி உருட்டினா கட்டி கட்டியா விழும். பிளாஸ்டிக் மட்கார்டை ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பினா கீறல் விடும், ஒருநாள் அது உடைஞ்சு வீலுக்குள்ள சிக்குச்சுன்னா சேத்தை விட மோசம்.

இப்ப கழட்டுற விஷயம். வேண்டாம் தம்பி. முன் டயர் வாரி அடிக்கிற சேறும் கல்லும் நேரா உங்க கண்ணுக்கு வரும், ரேடியேட்டர் இருக்கிற வண்டின்னா அதுல அப்பி இன்ஜின் சூடாகும், ஃபோர்க் குழாய்ல மண்ணு ஏறி ஆயில் சீல் போகும். சில வண்டில மட்கார்டோட இரும்புப் பட்டைதான் ரெண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிச்சிருக்கும், பிரேக் ஹோஸோட கிளிப்பும் அதுலயே இருக்கும், கழட்டினா ஹோஸ் தொங்கிப் போய் டயர்ல உரசும்.

அதுக்குப் பதிலா மெக்கானிக்கிட்ட சொல்லி போல்ட்டுக்கு நடுவுல ஸ்பேசர்ங்கிற சின்ன துண்டு வச்சு மட்கார்டைக் கொஞ்சம் தூக்கி மாட்டுங்க. நீளமான போல்ட் போட்டா அதோட முனை டயர் பக்கம் நீட்டக் கூடாது. மாட்டினதும் முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலை நல்லா அமுக்கிப் பாருங்க, ஓட்டுறப்ப அதைவிட ஆழமா அமுங்கும், அதனால மட்கார்டு மேல இருக்கிற எதுலயும் இடிக்காத அளவுக்குத் தாராளமா இடம் இருக்கணும். பெரிய பட்டன் டயர் மாத்துற ஐடியா இருந்தா முதல்ல இந்த கேப்பைப் பாருங்க, பட்டன் உசரம் கூடக் கூட கேப் குறையும்.

கேள்வி: டர்ட் பைக்குல இருக்கிற மாதிரி உசரமான மட்கார்டு போட்டா பிரச்சனை தீருமா சார்?

பதில்: சேத்துக்கு அதான் பெஸ்ட். ஆனா அது ஹேண்டிலுக்குக் கீழ ஃபோர்க்கைப் பிடிச்சிருக்கிற கீழ் கிளாம்போட அடியில மாட்டுறது, வீல் மட்டும்தான் அதை நோக்கி ஏறி வரும், அதனால சஸ்பென்ஷன் முழுசா அமுங்கினாலும் டயர் படாத அளவு இடைவெளி கண்டிப்பா வேணும். ஹைவேல வேகமாப் போறப்ப காத்து அடியில புகுந்து தூக்கும், ஹேண்டில் லேசா ஆடும். தினம் பாதிக்கு மேல தார் ரோடுன்னா நான் ஸ்பேசரோட நிறுத்திக்கச் சொல்லுவேன்.

கேள்வி: மட்கார்டுக்கு உள்பக்கம் எண்ணெய் தடவினா சேறு ஒட்டாதாமே?

பதில்: கொஞ்ச நேரம் ஒட்டாது, கழுவவும் ஈஸிதான். அதுக்கு சிலிக்கான் ஸ்ப்ரே போதும், அதையும் வீலைக் கழட்டி வச்சுட்டுத்தான் அடிக்கணும், டிஸ்க்லயோ டயர்லயோ ஒரு துளி பட்டாலும் பிரேக்கும் கிரிப்பும் போச்சு. அதைவிட முக்கியம், சேத்தோட வண்டியை ராத்திரி நிறுத்தாதீங்க, காலைல அது காஞ்சு இறுகி வீலே அசையாது. ஈரம் இருக்கிறப்பவே சாதாரண பைப் தண்ணியை உள்பக்கம் நல்லா விட்டுக் கழுவுங்க, பிரஷர் வாஷர்னா வீல் பேரிங், ஃபோர்க் சீல் பக்கம் நேரா அடிக்காதீங்க. கழுவினதும் வீலைத் தூக்கி ஒரு சுத்து சுத்தி விட்டுப் பாருங்க, ஏதாவது உரசினா காதுக்கே கேட்டுடும்.