டிவி லைசென்ஸ் கடிதம்: பயப்பட வேண்டாம்

வணக்கம். லண்டனில் தனி அறையில் இருக்கிறீர்கள், டிவியே இல்லை, லேப்டாப்பில் நெட்ஃபிளிக்ஸ் படங்கள் மட்டும்தான், ஆனாலும் டிவி லைசென்ஸ் (பிரிட்டனில் டிவி பார்க்கக் கட்டணம் கட்டி வாங்கும் அனுமதி) இல்லை என்று டிவி லைசென்ஸிங் அமைப்பிடமிருந்து மாதாமாதம் மிரட்டல் கடிதம் வருகிறது, வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், உங்களுக்கு உண்மையிலேயே லைசென்ஸ் வேண்டாமா என்று பாருங்கள். எந்தச் சேனலையும் நேரலையாகப் பார்த்தாலும் பதிவு செய்தாலும் வேண்டும். பிபிசியின் இணைய வீடியோ சேவையான ஐபிளேயருக்கும் வேண்டும். நம் ஆட்கள் தவறுவது இங்கேதான்: ஃபோனில் சன் டிவி சீரியலை ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் அதுவும் நேரலைதான். நெட்ஃபிளிக்ஸிலும் நேரலை நிகழ்ச்சிகளுக்கு இதே விதி. பிடிபட்டால் 1000 பவுண்டு வரை அபராதம். படங்கள் மட்டும் என்றால் தேவையில்லை.

சரி, தேவையில்லை என்றால் டிவி லைசென்ஸிங் இணையதளத்தில் அப்படியே அறிவித்துவிடலாம். கட்டாயமில்லை, ஆனால் கடிதங்கள் சுமார் இரண்டு வருடம் நிற்கும். அறிவித்த பிறகும் சரிபார்க்க யாராவது வரலாம்.

வருபவர் போலீஸ் இல்லை. நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் உள்ளே வர அவருக்கு உரிமை கிடையாது. பெயர் சொல்லவோ கேள்விகளுக்குப் பதில் சொல்லவோ வேண்டியதில்லை. "நன்றி, எனக்குத் தேவையில்லை" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்துங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்; அது நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சான்றாகலாம். வாரண்டோடு வந்தால் மட்டும் தடுக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் பெயருக்கே நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால் அதைக் குப்பையில் போடாமல் உடனே பதில் எழுதுங்கள்.