வெள்ளைப் பந்து எங்கே நிற்கும்?

கேள்வி: அமெரிக்க பூல் (மேசை மேல் பந்தைக் குச்சியால் அடித்துக் குழியில் போடும் ஆட்டம்) வீராங்கனை ஜீன் பலுகாஸ் ஒரு கட்டத்தில் பெண்கள் தொழில்முறைப் போட்டிகளில் தொடர்ந்து 16 கோப்பைகள் வென்றாராமே! ஒரு நாள்கூடவா கை சறுக்காது? - கோவில்பட்டி வாசகர்

பதில்: சறுக்கியிருக்கும். சறுக்கிய அன்றும் ஜெயித்திருக்கிறார், அதுதான் விஷயம். சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு கோப்பைக்கு ஐந்து ஆட்டம் என்று வைத்தால் 16 கோப்பைக்கு 80 ஆட்டம். பத்துக்கு ஒன்பது ஆட்டம் ஜெயிக்கிற கெட்டிக்காரர்கூட அந்த 80-ஐயும் வரிசையாக ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 4,600-ல் ஒன்றுதான். நூற்றுக்கு 99 ஜெயிப்பவருக்கோ அது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி! ஆக, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் போதாது.

புரூக்ளின்காரரான ஜீன் 1969-ல், ஒன்பது வயதில், பெண்களுக்கான அமெரிக்க ஓப்பன் பூல் போட்டியில் ஐந்தாம் இடம் பிடித்தார். அந்தப் போட்டி தொடங்கிய முதல் ஐந்து ஆண்டுகள் பட்டம் டோரத்தி வைஸ் அம்மையாரிடமே இருந்தது. 1972-ல் 13 வயது ஜீன் அதைப் பறித்து, 1978 வரை ஏழு ஆண்டுகள் விடவே இல்லை. அன்று பெண்கள் பூல் ஆட வந்ததே குறைவு, போட்டி மெலிசு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தானோ என்னவோ, பிற்பாடு ஆண்களோடும் போய் மோதினார்.

ஆட்டத்தின் விதியும் உதவும். ஒரு ரேக்கை (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு சுற்று) ஜெயிக்க 60 சதவீத வாய்ப்புள்ளவர், முதலில் ஒன்பது ரேக் எடுப்பவருக்கே வெற்றி என்றால் 80 சதவீத ஆட்டங்களை ஜெயிப்பார். ஆட்டம் நீள நீள குருட்டு அதிர்ஷ்டத்துக்கு வேலை குறையும். ஜெயித்தவரே மறுபடி பிரேக் (அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி) செய்யலாம் என்றால் இன்னும் வசதி. எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து க்யூ குச்சியைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1996-ல் டாலஸில் எர்ல் ஸ்டிரிக்லண்ட் என்ற வீரர் நைன் பால் என்ற பூல் வகை ஆட்டத்தில் தொடர்ந்து 11 ரேக் எடுத்தார். பத்து எடுத்தால் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார்கள். பணம் கைக்கு வருவதற்குள் வழக்கு, வக்கீல் என்று இழுபறி. பந்தைக் குழியில் போடுவது அதைவிடச் சுலபம் போலிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வெள்ளைப் பந்து. குச்சியால் அடிப்பது அதைத்தான்; அது மோதித்தான் மற்றப் பந்துகள் குழிக்குப் போகும். இளவயதில் நான் ஒரு கிளப்பில், இதே மாதிரி ஆட்டமான ஸ்னூக்கர் ஆடப் போவேன். கஷ்டமான பந்து ஒன்றைப் போட்டுவிட்டு கைதட்டலுக்காகத் திரும்பிப் பார்ப்பேன். அங்கிருந்த மார்க்கர் (புள்ளி குறிப்பவர்) பெரியவர் தட்டவே மாட்டார். "இந்தக் கஷ்டம் உனக்கு ஏன் வந்துச்சு தம்பி? போன அடியில வெள்ளைய சரியா நிறுத்தலை, அதான்" என்பார். மறுநாளிலிருந்து, வெள்ளை எங்கே நிற்கும் என்று முதலில் கைகாட்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். இரண்டு வாரம் ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, நன்றாக ஆடுகிறவனின் ஆட்டம் பார்ப்பதற்குச் சப்பென்று இருக்கும் என்று. எல்லாமே கிட்டத்துப் பந்து, நேர்ப் பந்து.

கேள்வி: அமெரிக்க பூல் வீரர் வில்லி மொஸ்கோனி விடாமல் 526 பந்து போட்டது சின்ன மேசையிலாம். அதெல்லாம் சாதனையே இல்லை என்கிறான் என் தம்பி. - அதே வாசகர்

பதில்: மேசை சின்னதுதான். 1954 மார்ச்சில், ஒஹாயோ மாநில ஸ்பிரிங்ஃபீல்டில், எட்டடி மேசையில் ஆடினார். பெரிய போட்டிகளுக்கு ஒன்பதடி. ஒன்பதடி மேசையில் ஜான் ஷ்மிட் 2019-ல் 626-ம், ஜேசன் ஷா 2022-ல் 714-ம் போட்டுவிட்டார்கள். ஆனால் அவர்கள் சாதனைக்கென்றே நாள்கணக்கில் முயன்று முயன்று போட்டது. மொஸ்கோனி போனது ஒரு காட்சி ஆட்டத்துக்கு. எந்தப் பந்து, எந்தக் குழி என்று முன்கூட்டியே சொல்லி அடிக்கிற ஆட்டம் அது. தம்பியை அதே எட்டடி மேசைக்கு அழைத்துப் போங்கள். 526 வேண்டாம், சொல்லிச் சொல்லி 26 போடட்டும். போட்டால் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.