கத்தரியும் அதோட காட்டுச் சொந்தங்களும்: கேள்வி பதில்

கத்தரி, காட்டுக்கத்தரி, விதை எடுக்கிறது இது பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். உரம், மருந்து கேட்டவங்க எல்லாம் உங்க ஊர் வேளாண் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, அது என் ஏரியா இல்ல.

கே (விழுப்புரம்): அண்ணா, வரப்போரம் முள்ளு முள்ளா ஒரு கத்தரி தானா முளைக்குது, காய் கோலிகுண்டு சைஸ், பச்சையில வெளிர் வரி, பழுத்தா மஞ்சள், ஒரே கசப்பு. பிடுங்கிடவா?

ப: பிடுங்காதீங்க தம்பி! தரையோட ஒட்டிப் படர்ந்தா அது கண்டங்கத்தரி, வேற இனம். புதரா நிமிர்ந்து நின்னா அனேகமா சொலானம் இன்சானம்ங்கிற காட்டுக்கத்தரி, நம்ம தோட்டக் கத்தரி வந்ததே அதுல இருந்துதான். தோட்டக் கத்தரிக்கும் இதுக்கும் 24 குரோமோசோம், கலந்தா விதை பிடிக்கும், அந்த விதையில வர்ற செடியும் நல்லாவே காய்க்கும். நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா பெருசா இருக்கா, கசக்காம இருக்கா, முள்ளு கம்மியான்னு பாத்து பொறுக்கிப் பொறுக்கி விதை எடுத்ததுல மத்த குணம் எவ்வளவோ வழியிலயே நின்னுபோச்சு, அதுல பலதும் இன்னும் இந்த முள்ளுச்செடியிலதான் இருக்கு, யாரும் தண்ணி ஊத்தாம வரப்புல நிக்குதே அது சும்மாவா. ஒண்ணு மட்டும், விதைக்கு விட்ட கத்தரி பக்கத்துல அது பூக்க வேண்டாம், அடுத்த வருசம் காய் கசக்கும்.

கே (திண்டுக்கல்): கத்தரி தன் மகரந்தம்தானே சார், தன் பூவோட பொடியிலயே காய் பிடிக்கும்ல, எதுக்கு தள்ளி நடணும்?

ப: பெரும்பாலும் தன் மகரந்தம்தான், முழுசா இல்ல. பூவைப் பக்கத்துல பாருங்க, நடுவுல மஞ்சளா நிக்கிற மகரந்தப்பை ஒவ்வொண்ணுக்கும் நுனியில சின்ன ஓட்டை இருக்கும், பொடி அது வழியாத்தான் கொட்டும். தேன் பெட்டியில வளக்கிற தேனீக்கு அதை உதறத் தெரியாது. மரத்துல ஓட்டை போடுற கருப்பு வண்டும், வயித்துல நீல வரி போட்ட தேனீயும் பூவைக் கவ்விக்கிட்டு உர்ர்ருன்னு உடம்பை அதிர வைக்கும், பொடி உதிரும், அதே உடம்போட அடுத்த தோட்டத்துக்குப் போகும். அதனாலதான் சான்று விதைக்கு (விவசாயிக்குப் போறது) 100 மீட்டர், ஆதார விதைக்கு (சான்று விதை எடுக்கப் போடுறது) 200 மீட்டர் இடைவெளி கேக்குறாங்க. அப்புறம் ஒரே செடியில விதை எடுக்காதீங்க, பத்து இருபது செடியிலயாவது எடுத்துக் கலங்க.

கே (வேலூர்): இலவம்பாடி முள்ளுக் கத்தரி காட்டு ரகமா?

ப: இல்ல, வளர்ப்புதான், முள்ளு போகாம தங்கிடுச்சு. 2023ல புவிசார் குறியீடு வாங்கிச்சு.

கே (சேலம்): நாட்டு விதை கிடைக்குமா?

ப: நான் விதை விக்கிறதில்ல.

கே (மதுரை): சுண்டைக்காய் செடியில கத்தரியை ஒட்டு கட்டலாமா?

ப: தாராளமா. பாக்டீரியா வாடலுக்கும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் நல்லா தாங்கும். சுண்டை விதை முளைக்கச் சோம்பேறி, கத்தரிக்கு முன்னாடியே போட்டுடணும்.

கே (தஞ்சாவூர்): அப்ப சுண்டைதானே கத்தரிக்குத் தாய்?

ப: இல்லைங்க. சுண்டையோட பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதி.

கே (தஞ்சாவூர், மறுபடி): வத்தக்குழம்புல போடுறதைப் போய் அமெரிக்காங்குறீங்க, எங்க பாட்டி காலத்துலயே இருந்துச்சே!

ப: பாட்டி காலத்துல மிளகாயும்தான் இருந்துச்சு, அதுவும் அங்க இருந்து வந்ததுதான். குழம்பு நம்மளது, அதுல யாருக்குச் சந்தேகம்? செடியோட ஊரைத்தான் சொல்றேன்.

கே (நாமக்கல்): தஞ்சாவூர் அண்ணன் சொல்றதுதான் சரி, சொந்தம் இல்லாமயா ஒட்டு பிடிக்கும்?

ப: சொந்தம் இருக்கு, தாய்ங்கிற சொந்தம் இல்ல. ஒட்டு பிடிக்கிறது வேற, விதை பிடிக்கிறது வேற. சுண்டையையும் கத்தரியையும் கலந்தா லேசுல விதை வராது, கருவை லேப்ல எடுத்து வளத்துக் காப்பாத்துனாலும் பெரும்பாலும் மலட்டுச் செடிதான். அதான் அதோட நோய் தாங்குற குணத்தை விதை வழியா கொண்டுவர முடியாம வேரை மட்டும் கடன் வாங்குறோம். சுண்டையைவிட ஆப்பிரிக்கா பக்கத்து சொலானம் இன்கானம்ங்கிற காட்டுச்செடி நெருக்கம், அது கத்தரியோட கலக்கும், ஸ்பெயின்ல வாலென்சியாவுல அதோட மரபணுத் துண்டுகளை கத்தரிக்குள்ள கொண்டுவந்து வரிசை வரிசையா செடி உருவாக்கி வெச்சிருக்காங்க. தஞ்சாவூர்க்காரர் இதுக்கும் சண்டைக்கு வருவாரு, வரட்டும்.

கே (ஈரோடு): பிடி (Bt) கத்தரி, அதான் காய்ப்புழு தாக்காம மரபணு மாத்துன கத்தரி, அது பத்தி உங்க கருத்து?

ப: இங்க 2010ல நிறுத்தி வெச்சாங்க, பங்களாதேஷ்ல 2014ல இருந்து பயிராகுது. ஏற்கனவே ஒரு சண்டை ஓடுது, இன்னொண்ணு வேணாம்.

கே (கோவை): சார், நாட்டுக் கத்தரி விதை கிடைக்குமா?

ப: சேலத்துக்குச் சொன்ன பதிலை படிங்க.

கே (திருநெல்வேலி): மொட்டை மாடியில நாலு தொட்டிதான் இருக்கு, பத்து செடிக்கு எங்க போக?

ப: உங்க தெருவுல நாலு பேரை அதே ரகம் வைக்கச் சொல்லுங்க, எல்லார் வீட்டுலயும் ஒரு காயை மஞ்சளாகுற வரைக்கும் செடியிலயே விட்டு, விதையைக் கழுவி நிழல்ல காயவெச்சு ஒண்ணா கலந்து பிரிச்சுக்கோங்க. எங்க கத்தரி விதை கிடைக்கும்னு அடுத்து கேக்கப்போறவங்களும் இதையே படிச்சுக்கலாம்.