சாப்பல் ஹில் கனவும் வெளி மாநிலக் கட்டணமும்

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். அமெரிக்கக் குடியுரிமை உள்ள மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். வட கரோலினா பல்கலைக்கழகம், சாப்பல் ஹில் என்று ஒரே பிடிவாதம். எங்கள் இருவர் வருமானம் 1,90,000 டாலர். வருடத்துக்கு 30 ஆயிரம் டாலர் வரை கட்ட முடியும். வெளி மாநிலத்தவருக்கு இடமும் நிதி உதவியும் கிடைக்குமா? என் தம்பி வட கரோலினாவில் கேரி நகரில் இருக்கிறான். அவன் முகவரியைக் கொடுத்தால் கட்டணம் குறையும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தம்பி முகவரி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம் அம்மா. பெற்றோரை நம்பிப் படிக்கும் பிள்ளைக்குப் பெற்றோரின் மாநிலம்தான் சொந்த மாநிலம். நீங்களே அங்கே குடிபோய் 12 மாதம் நிரந்தரமாக வாழ்ந்தால்தான் உள்மாநிலக் கட்டணம். மாமா வீட்டு முகவரி அதற்கு உதவாது. பொய்த் தகவல் என்று தெரிந்தால் கிடைத்த இடமே போய்விடலாம்.

இடம் கிடைப்பது கடினம். வெளி மாநிலத்தவர் முதலாண்டு மாணவரில் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1986-லேயே வரம்பு வைத்தார்கள். அண்மை ஆண்டுகளில் உள்மாநிலத்தில் விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெளியிலிருந்து விண்ணப்பித்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மகள் நன்றாகப் படிப்பவள் என்றாலும், அவளோடு போட்டியிடுகிறவர்களும் அப்படித்தான்.

இடம் கிடைத்தால்? இங்கேதான் சாப்பல் ஹில் வித்தியாசமானது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் வெளி மாநிலப் பிள்ளைகளிடம் வாங்கும் கூடுதல் கட்டணத்துக்குத் தேவை அடிப்படையில் உதவி தருவதில்லை. சாப்பல் ஹில் வெளி மாநிலத்தவருக்கும் 'தேவை' முழுவதையும், அதாவது மொத்தச் செலவில் குடும்பத்தால் கட்ட முடியாத பகுதியை, ஈடுகட்டுவதாகச் சொல்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகமும் அப்படியே. ஆனால் அந்தத் 'தேவை'யைக் கணக்கிடுவது அவர்கள், நாம் இல்லை. 30 ஆயிரம்தான் முடியும் என்று நீங்கள் சொல்வதை அவர்கள் கேட்க மாட்டார்கள். மத்திய அரசின் நிதி உதவி விண்ணப்பமான ஃபாஃப்சா, சில கல்லூரிகள் கூடுதலாகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் விண்ணப்பம் இரண்டிலும் நீங்கள் நிரப்புவதை வைத்துத்தான் முடிவு.

வெளி மாநிலத்தவருக்குப் படிப்புக் கட்டணம் மட்டுமே 40 ஆயிரம் டாலரைத் தாண்டும். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 60 ஆயிரத்தைத் தாண்டும். உங்கள் வருமானத்துக்கு உதவி வந்தாலும் பெரிதாக இருக்காது என்றே நினைக்கிறேன். எனவே உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதை மதிப்பிட்டுச் சொல்லும் நெட் பிரைஸ் கால்குலேட்டரை இந்த வாரமே போட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது, இலவசம். சமீபத்தில் ஒரு குடும்பத்துடன் உட்கார்ந்து வேறொரு கல்லூரிக்கு இதைப் போட்டேன். வீட்டு மதிப்பு கேட்கும் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு, வந்த தொகையைப் பார்த்து மகிழ்ந்துபோயிருந்தார்கள். அதை நிரப்பியதும் உதவித்தொகை சட்டென்று இறங்கியது. அந்தத் தந்தை வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எடிசனில் வீடு இருந்தால் உங்களுக்கும் இது பொருந்தலாம். 401(கே) ஓய்வுக்காலக் கணக்கின் இருப்பைச் சொத்தாகச் சேர்த்துவிடாதீர்கள், ஃபாஃப்சா அதைக் கேட்பதில்லை.

உதவி எதுவும் வராவிட்டால் வருடத்துக்குக் குறைந்தது 30 ஆயிரம் பள்ளம், நான்கு வருடத்தில் குறைந்தது 1,20,000 டாலர். மகள் பெயரில் முதல் வருடம் கிடைக்கும் அரசுக் கடன் 5,500 டாலர்தான். பெற்றோர் அரசிடம் எடுக்கும் பிளஸ் கடனுக்கும், 2026 ஜூலை முதல் புதிதாக எடுப்பவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65 ஆயிரம் என்று வரம்பு வந்துவிட்டது. மிச்சத்தைத் தனியார் கடனில் அடைக்க வேண்டிவரும். உங்கள் ஓய்வுக்காலப் பணத்தைத் தொட்டு அதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

அதனால் சாப்பல் ஹில்லுக்குப் போடட்டும், அக்டோபர் 15 முன்கூட்டிய விண்ணப்பக் கெடுவுக்குள்ளேயே போடட்டும். கூடவே நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் கட்டாயம் இருக்கட்டும், அங்கே நீங்கள் உள்மாநிலத்தவர். அலபாமா பல்கலைக்கழகம் போல மதிப்பெண்ணை வைத்தே வெளி மாநிலத்தவருக்கு ஸ்காலர்ஷிப் தரும் இடம் ஒன்றையும் சேருங்கள். (எச்-4 எனப்படும் சார்ந்தோர் விசாவில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்கள் கவனிக்க: ஃபாஃப்சா உங்களுக்கு இல்லை, மேலே சொன்ன 'முழுத் தேவை' உறுதியும் பொருந்தாது.)

அப்புறம் ஒன்று. கால்குலேட்டரைப் போடும்போது மகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வருடத்துக்கு 30 ஆயிரம்தான் நம்மால் முடியும் என்பதை இப்போதே அவளிடம் சொல்லுங்கள். ஏப்ரலில், சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கும்போது அவள் அதை முதன்முறையாகக் கேட்கக் கூடாது.