டெக் கிராதி: அமெரிக்க வாசகர் கேள்விகள்

டெக் (வீட்டோடு ஒட்டிய திறந்த மரமேடை) தரையிலிருந்து 28 அங்குல உயரம்தான். கிராதி வேண்டுமா?

எங்கே அளந்தீர்கள் என்று எழுதவில்லையே! விளிம்புக்கு நேர் கீழே மட்டும் டேப் பிடித்தால் போதாது. அங்கிருந்து 36 அங்குலம் தள்ளி வரை, எந்த இடத்திலாவது தரை 30 அங்குலத்துக்கு மேல் இறங்கினால் கிராதி கட்டாயம். சரிவான கொல்லையில் 28 என்பது மூன்றடி தள்ளி 34 ஆகியிருக்கும்.

கிராதியின் உயரம் 36 அங்குலமா, 42ஆ?

ஐஆர்சி (அமெரிக்காவில் வீடு கட்டுவதற்கான மாதிரி விதிநூல்) கோடுப்படி தனி வீட்டுக்கு 36. கலிபோர்னியாவில் 42. நீங்கள் எந்த ஊர் என்று சொல்லாமல் கேட்டால் எப்படி? எந்த வருடத்துக் கோடு அமலில் இருக்கிறது என்று உங்கள் ஊர் பெர்மிட் ஆபீசில் கேட்டுவிட்டு மரம் வாங்குங்கள்.

கிராதியின் மரக் கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலம் விடலாமா?

4 அங்குல உருண்டை நுழையக்கூடாது என்பதுதான் விதி. ஈர மரம் காய்ந்தால் ஒல்லியாகி இடைவெளி கூடும். 3¾க்கு மேல் விடாதீர்கள். படிப் பக்கக் கிராதியில் 4⅜ வரை போகலாம். ஸ்டீல் கேபிள் என்றால் 3 அங்குலம். விரலால் அழுத்தினாலே அகலும்.

காண்ட்ராக்டர் கிராதியைத் தாங்கும் 4×4 போஸ்ட்டின் அடியைப் பாதி வெட்டி, ரிம் ஜாயிஸ்ட்டில் (டெக்கின் வெளி விளிம்புச் சட்டம்) இரண்டு லேக் ஸ்க்ரூ (தடித்த மர ஸ்க்ரூ) போட்டார். லேசாக ஆடுகிறது. இன்னொரு ஸ்க்ரூ போட்டால் போதுமா?

போதாது. இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, கோபம்தான் வருகிறது. 4×4 என்பது அளந்தால் 3½. பாதி வெட்டினால் மிச்சம் 1¾தான். வெட்டின மூலையிலிருந்து இழை வழியே பிளக்கும். 2021 ஐஆர்சி இந்த வெட்டை நேராகவே தடுக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கிராதி உச்சியில் எங்கே தள்ளினாலும் 200 பவுண்டு தாங்க வேண்டும். கீழ் போல்ட்டிலிருந்து உச்சிக்குச் சுமார் 44 அங்குலம், இரண்டு போல்ட்டுக்கும் நடுவே 5. 200 × 44 ÷ 5: மேல் போல்ட்டைப் பிடுங்கும் இழுவை ஏறக்குறைய 1,800 பவுண்டு. இதை ஸ்க்ரூ தாங்காது. முழு போல்ட்டே போட்டாலும், ஜாயிஸ்ட் (தளத்தைத் தாங்கும் உத்தரம்) முனையில் வெறும் ஆணியில் நிற்கும் ரிம், போஸ்ட்டோடு சேர்ந்து புரண்டுவிடும்.

வெட்டாத புதுப் போஸ்ட் வாங்குங்கள். அரை அங்குல போல்ட் இரண்டு, வாஷரோடு, மரத்தை ஊடுருவ வேண்டும். மேல் போல்ட்டில் 1,800 பவுண்டு ரக ஹோல்ட்-டவுன் (இழுவை தாங்கும் இரும்புப் பிடி) மாட்டி ஜாயிஸ்ட்டோடு பிணையுங்கள். ஜாயிஸ்ட் ரிம்முக்கு இணையாக ஓடும் பக்கத்தில் நடுவே பிளாக்கிங் (குறுக்கே அடிக்கும் கட்டைத் துண்டு) வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் யாரையும் சாயவிடாதீர்கள்.

படிக்கு 2×6 பலகையையே கைப்பிடியாக விடலாமா?

கூடாது, விரல் சுற்றிப் பிடிக்காது. நாலு ரைசர் (படிக்குப் படி ஏறும் உயரம்) வந்தாலே தனிக் கைப்பிடி: 34 முதல் 38 அங்குல உயரம், உருண்டை என்றால் 1¼ முதல் 2 அங்குலத் தடிமன்.

மிச்சமான ட்ரைவால் ஸ்க்ரூவைக் (வீட்டு உட்சுவர்ப் பலகைக்குப் போடுவது) கம்பிகளுக்குப் போடலாமா?

வேண்டாம். ட்ரீட்டட் மரத்திலுள்ள (மக்காமலிருக்க மருந்து ஏற்றியது) செம்பு சாதா இரும்பை அரித்துவிடும். ஹாட்-டிப் கால்வனைஸ்டு (உருகிய துத்தநாகத்தில் முக்கியது), இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ். போல்ட்டுக்கும் இதேதான்.