நீலம் எங்கே போயிற்று?

அன்புள்ள ஐயாவுக்கு,

ஹாம்பர்க்கில் இருக்கிறோம். போன வருடம் என் மகன் அடம்பிடித்து டாரன்டுலா என்ற பெரிய முடிச் சிலந்தியின் குஞ்சு ஒன்றை வாங்கினான். மார்ட்டினிக் தீவைச் சேர்ந்த கரிபீனா வெர்சிகலர். வந்தபோது நகத்தளவுதான், உடம்பெல்லாம் மின்னும் நீலம். இப்போது தீப்பெட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது, ஆனால் நீலம் போய்க்கொண்டே இருக்கிறது. முதுகு பச்சையாகிறது, வயிறு சிவக்கிறது. போதாததற்கு, பத்து நாளாகச் சாப்பிடாமல் மொத்தமாக மங்கிப்போய் வலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஈரம் போதாததால்தான் நிறம் வெளுக்கிறது என்று ஒருவர் சொன்னார். பெட்டியின் துளைகளில் பாதியை டேப் ஒட்டி அடைத்துவிட்டு, தினமும் தண்ணீர் தெளிக்கிறோம். இது நோயா? இல்லை, வேறு இனத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? நீலம் திரும்பிவர என்ன தீனி கொடுக்கலாம்?

எஸ்., ஹாம்பர்க்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த டேப்பைப் பிய்த்துவிட்டு வாருங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். வெர்சிகலர் மரத்தில் வாழும் சிலந்தி. காற்றோட்டம் இல்லாமல் புழுங்கும் ஈரப் பெட்டி அதற்கு எமன். இந்த இனத்தின் குஞ்சுகளைப் பறிகொடுத்தவர்கள் அடிக்கடி சொல்லும் காரணமும் அதுதான். எதிரெதிர்ப் பக்கங்களில் துளைகள், ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், எப்போதாவது ஓர் ஓரத்தில் லேசான தெளிப்பு. இவ்வளவு போதும்.

உங்களை யாரும் ஏமாற்றவில்லை. நீலக் குஞ்சு பச்சையும் சிவப்புமாக மாறுவதே அது அசல் வெர்சிகலர் என்பதற்குச் சாட்சி. பழைய போட்டோக்களை எடுத்துப் பாருங்கள்: நீல வயிற்றின் நடுவே ஒரு கறுப்புப் பட்டையும், அதிலிருந்து இருபுறமும் கிளை பிரியும் கோடுகளும் தெரியும். அதுவும் மறைந்துவிடும். முழுதாக வளர்ந்தபின் முதுகு ஓடு உலோகப் பச்சை, வயிறு சிவப்பு, கால்களில் ஊதா கலந்த முடி, கால் நுனிகள் இளஞ்சிவப்பு. விற்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வருத்தம், குஞ்சின் படத்தை மட்டும் போட்டு விற்கிறார்கள். என்னைக் கேட்டால் பெரியதுதான் அழகு.

உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு மாற்றங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. சிலந்தியின் நிறம் அதன் மேலோட்டிலும் அதில் முளைத்த முடியிலும் இருக்கிறது. அந்த ஓடு ஒருமுறை உருவாகிவிட்டால் அவ்வளவுதான், அதில் புது நிறம் ஏறாது. நிறம் மாற வேண்டுமென்றால் சட்டை உரிக்க வேண்டும். நீலம் பச்சையாவது இப்படி ஒவ்வொரு சட்டையாக நடப்பது, நிரந்தரமானது.

இந்தப் பத்து நாள் மங்கல் வேறு. பழைய சட்டைக்கு அடியில் புதியது தயாராகிக்கொண்டிருக்கிறது, அதனால் மேலே இருப்பது வெளுத்துத் தெரிகிறது. சாப்பாட்டை நிறுத்துவதும், வலையை அடர்த்தியாக்கிக்கொண்டு உள்ளேயே இருப்பதும் இதோடு சேர்ந்தவைதான். வயிறு உருண்டு, மினுமினுப்பாக இருக்கிறதா? அப்படியானால் கவலையை விடுங்கள். வயிறு சுருங்கி, கால்கள் உடலுக்கு அடியில் மடங்கிப்போயிருந்தால்தான் ஆபத்து. அப்போது உடனே தண்ணீர் கிடைக்கச் செய்ய வேண்டும்.

பெட்டிக்குள் வெட்டுக்கிளி ஏதாவது உயிரோடு இருந்தால் எடுத்துவிடுங்கள், உரிக்கும் நேரத்தில் சிலந்தியையே கடித்துவிடும். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டதென்று தொட்டுவிடாதீர்கள், பல டாரன்டுலாக்கள் அப்படிக் கிடந்துதான் உரிக்கும். உரித்தபின் நச்சுப்பற்கள் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவந்து, கறுக்கும். கறுத்து இறுகும்வரை தீனி வேண்டாம்.

இனி, தீனி கொடுத்து நீலத்தை மீட்பது. நடக்காது. அந்த நீலம் சாயமே இல்லை. முடிக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறும்போது நீலம் மட்டும் தூக்கலாகத் திரும்பி வருகிறது. டாரன்டுலாக்களில் இந்த நீலம் குறைந்தது 8 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2015-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. அதுவும் ஒரே மாதிரி நீலம், ஆனால் உள்ளமைப்பு இனத்துக்கு இனம் வேறு. கேரட்டோ விளக்கோ இதை அசைக்காது.

உங்கள் மகனுக்கு வளர வளர நீலமாகும் சிலந்தியும் உண்டென்று சொல்லுங்கள். ஆந்திராவின் கூட்டி ரயில் நிலையப் பக்கத்து மரக்கிடங்கில் கிடைத்து, 1899-இல் பெயரிடப்பட்ட பொசிலோதீரியா மெட்டாலிகா அப்படிப்பட்டது. குஞ்சு மங்கலாகத்தான் இருக்கும், சட்டை மாற்ற மாற்ற நீலம் ஏறும். காட்டில் அழியும் விளிம்பில் இருக்கிறது. அதனால் வாங்கித் தரச் சொன்னால் யோசியுங்கள்.

அடுத்த சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். இடுக்கியால் எடுங்கள், வயிற்று முடி கையில் பட்டால் அரிக்கும். முதுகு ஓடு மூடி மாதிரித் திறந்திருக்கும், கால்கள் உள்ளீடற்ற குழாய்களாக, நிறம் மாறாமல் இருக்கும். வயிற்றுப் பகுதி மட்டும் கசங்கிக் கிடக்கும். அதைத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு ஊறவைத்து மெதுவாக விரித்து, முன்பக்க நுரையீரல் தகடுகள் இரண்டுக்கும் நடுவே உட்புறம் பாருங்கள். ஆணின் விந்தைச் சேமித்துவைக்கும் பை தெரிந்தால் பெண், பத்து வருடத்தை ஒட்டி வாழும், பெரியவளான பிறகும் சட்டை மாற்றிப் புது நிறத்தோடு வருவாள். ஆண் என்றால் முதிர்ந்த சட்டையே கடைசி, அதன்பிறகு அதிக காலம் இருக்காது. மகனிடம் அதை இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.